எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குள் எண்ணி முடித்தது யார்?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியன். பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடியில் வேலை பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை மையத்தில் மேற்பார்வையாளராக மேசை முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். கட்சி கிடையாது, ஓட்டு உண்டு. தேர்தல் இல்லாத நாட்களிலும் உங்கள் சேனல்களைப் பார்க்கிறவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த அன்று மாலை ஆறரை மணி. அப்புறம், எண்ணிக்கை நாளன்று காலை எட்டிலிருந்து பத்து வரை. இந்த இரண்டு வேளைகளில் நீங்கள் திரையில் போடும் கணிப்பு எண்களையும் முன்னிலை எண்களையும் பற்றித்தான் பேச வேண்டும். மற்ற நாட்களில் ஒரு செய்தியைப் போடுவதற்கு முன் நிருபரிடம் "யார் சொன்னது, நேரில் பார்த்தாயா" என்று கேட்கிறவர்கள் நீங்கள். இந்த இரண்டு வேளைகளில் மட்டும் அந்தக் கேள்வி எங்கேயோ போய்விடுகிறது.

"ஓட்டுப் போட்டு முடிந்த பிறகுதானே கணிப்பைப் போடுகிறோம், இதில் வாக்காளருக்கு என்ன பாதிப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை (எக்ஸிட் போல்) வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 1998-ல் தேர்தல் ஆணையம் தானே வழிகாட்டு நெறிகள் போட்டுத் தடுத்துப் பார்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, சட்டத்தின் துணை இல்லாமல் அதை அமல்படுத்த முடியாது என்று தெரிந்து 1999-ல் திரும்பப் பெற்றது. அதனால்தான் 2004 மக்களவைத் தேர்தலில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கணிப்புகள் திரையில் ஓடின. பீகாரில் பாதி மாநிலம் ஓட்டுப் போட்டிருக்கும், மீதிப் பாதி வீட்டில் உட்கார்ந்து யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். 2009-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இந்தத் தடை எதற்கு என்று புரிந்துகொள்ள அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். தேர்தல் இரவில் கணித்துச் சொல்லும் பழக்கம் அங்கேதான் வளர்ந்தது. 1952 அதிபர் தேர்தலில் யூனிவாக் என்ற கணினியை சிபிஎஸ் தொலைக்காட்சி வைத்துக்கொண்டது. ஐசன்ஹோவர் அமோகமாக ஜெயிப்பார், 438 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாக ஒதுக்கி, அதிபரை முடிவு செய்யும் வாக்குகள்) கிடைக்கும் என்று அது ஆரம்பத்திலேயே சொன்னது. போட்டி கடுமை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததால், கணினிதான் உளறுகிறது என்று நினைத்து அந்த எண்ணைத் திரையில் போடவில்லை. கடைசியில் கிடைத்தது 442. அன்றைக்கு வந்த வெட்கம்தான், எண் வந்தவுடன் போட்டுவிட வேண்டும் என்ற இன்றைய அவசரத்துக்கு விதை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1980-ல் அந்த அவசரம் பழுத்துவிட்டது. கிழக்குக் கரையில் இரவு எட்டே காலுக்கே அதிபர் தேர்தலில் ரீகன் ஜெயித்துவிட்டார் என்று என்பிசி தொலைக்காட்சி அறிவித்தது. அப்போது கலிபோர்னியாவில் மாலை ஐந்தே கால். அங்கே வாக்குச்சாவடி எட்டு மணி வரை திறந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்து நின்ற அதிபர் கார்ட்டரே தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிவிட்டார். அப்போதும் மேற்குக் கரையில் வாக்குப்பதிவு முடியவில்லை. வேலை முடிந்து ஓட்டுப் போடப் போகிறவர்களின் நேரம் அது. போனவர்கள் திரும்பினார்கள், வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள் என்று புகார் எழுந்தது. அதிபர் தேர்தல் முடிந்துவிட்டது, சரி. ஆனால் அதே சீட்டில் காங்கிரஸ் எனப்படும் அவர்கள் நாடாளுமன்றத்தின் உறுப்பினருக்கும் உள்ளூர் பதவிகளுக்கும் ஓட்டு இருந்தது. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கார்மன் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். ஓரிகனில் அல் உல்மன் என்ற மூத்த உறுப்பினரும் தோற்றார். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் அவர்கள் ஜெயித்திருப்பார்களா? ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. போடாத ஓட்டை எண்ண வழி இல்லையே.

இதைவிடத் தெளிவான ஆதாரம் பிரான்சிலிருந்து கிடைத்தது. மார்த்தினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுப் பகுதிகள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. பாரிஸில் முடிவு தெரிந்த பிறகும் அங்கே வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும். 2005-ல் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பகுதிகள் ஒரு நாள் முன்னதாக, சனிக்கிழமையே ஓட்டுப் போடலாம் என்று ஆக்கினார்கள். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த பொருளியல் ஆய்வாளர்கள், முடிவு முன்கூட்டியே தெரிந்த தேர்தல்களில் வாக்குப்பதிவு சுமார் 11 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது என்று கண்டார்கள். வந்து போட்டவர்களிலும் ஜெயிக்கிறவர் பக்கம் சாய்கிறவர்கள் கூடியிருந்தார்கள். நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடிகாரம் அவர்களுக்குச் சாதகம், பாரிஸ் வாக்குச்சாவடி மூடுவதற்குள் இவர்கள் வீட்டில் சாப்பாடே முடிந்துவிடும்.

ஆக, வாக்குப்பதிவு நேரத்தில் கணிப்பைத் தடுத்தது நல்ல சட்டம். இந்தப் பாதிப்பிலிருந்து நாம் ஏறக்குறையத் தப்பிவிட்டோம். நான் எழுதுவது அதற்குப் பிறகு வரும் பாதிப்பைப் பற்றி. அதற்கு ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும்.

2000-ஆம் ஆண்டு நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல், புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் போட்டி. ஃபுளோரிடா மாநிலத்தின் பெரும்பகுதியில் இரவு ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. மேற்கு ஓரத்தில் நீண்டு கிடக்கும் மாவட்டங்கள் வேறு நேர மண்டலம், அங்கே இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. வாக்குப்பதிவு முடியும் வரை ஒரு மாநிலத்தின் முடிவைக் கணிப்பதில்லை என்று பெரிய தொலைக்காட்சிகள் 1985-ல் நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தன. ஆனாலும் 7.49-க்கு என்பிசி, அடுத்த சில நிமிடங்களில் மற்றவர்கள், ஃபுளோரிடா அல் கோருக்கு என்று அறிவித்தார்கள். மேற்கு மாவட்டங்களில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. எல்லோருக்கும் தரவு கொடுத்தது ஒரே நிறுவனம், வோட்டர் நியூஸ் சர்வீஸ். அதனால் ஒருவர் தவறியபோது எல்லோரும் சேர்ந்து தவறினார்கள். இரவு பத்து மணி வாக்கில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

இது முதல் தவறு. புஷ் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிக் குறைபடுவார்கள். ஆனால் நாட்டை உலுக்கியது இரண்டாவது தவறுதான். நள்ளிரவு தாண்டி 2.16-க்கு ஃபாக்ஸ், புஷ் ஜெயித்துவிட்டார் என்றது. ஃபாக்ஸின் கணிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் புஷ்ஷின் உறவினர், ஜான் எல்லிஸ். நான்கு நிமிடத்துக்குள் மற்ற எல்லாச் சேனல்களும் அதையே சொன்னார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மட்டும் சொல்லவில்லை, அவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வொலூஷியா மாவட்டத்தில் ஒரு பதிவுப் பிழையால் கோருக்கு வந்த ஓட்டில் 16,000-க்கும் மேல் கழிந்துபோய்க் காட்டிக்கொண்டிருந்தது. அது சரியானதும் வித்தியாசம் கரையத் தொடங்கியது. அதற்குள் கோர் புஷ்ஷுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டார், தோல்வியை ஏற்றுப் பேசக் காரில் கிளம்பியும் விட்டார். வழியில் உதவியாளர்கள் தடுத்து, மறுபடியும் புஷ்ஷைக் கூப்பிட்டு "சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்" என்று சொல்ல வைத்தார்கள். விடியற்காலை நான்கு மணி வாக்கில் சேனல்களும் வாபஸ் வாங்கின.

சேனல்கள் வாபஸ் வாங்கிவிட்டன. மக்கள் மனதில் பதிந்ததை யார் வாபஸ் வாங்குவது? அடுத்த 36 நாள், மறு எண்ணிக்கை, வழக்கு, துளை சரியாக விழாத வாக்குச்சீட்டுகள் என்று நாடு அல்லாடியபோது, புஷ் "ஜெயித்தவர்", கோர் "தோற்றும் விடாமல் முரண்டு பிடிக்கிறவர்". உண்மையில் அந்த நேரத்தில் இருவரில் யாரும் ஜெயித்திருக்கவில்லை. கடைசியில் அதிகாரபூர்வ வித்தியாசம் 537 ஓட்டு. அந்த இரண்டு மணி நேரத் திரை அறிவிப்பு வராமல் இருந்திருந்தால், எண்ணி முடியட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே நிலையில் நின்று காத்திருக்கும். இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன்: திரையில் ஜெயித்தவர் மேசையில் தோற்றால், ஜனங்களுக்குச் சந்தேகம் திரை மேல் வருவதில்லை, மேசை மேல்தான் வருகிறது.

நம் ஊரில் இது எத்தனை தரம் நடந்துவிட்டது!

2015 நவம்பர் 8, பீகார். காலை ஒன்பது மணிக்கெல்லாம் தேசியச் சேனல்கள் சிலவற்றில் பாஜக கூட்டணி முன்னிலை, வெற்றி என்று ஓடியது. பட்டாசு வெடித்தார்கள். பத்து மணிக்கு மேல் கதை தலைகீழ். நிதிஷ்–லாலு கூட்டணிக்கு 243-ல் 178 இடம். தரவுப் பிழை என்று ஒரு சேனலின் நிறுவனரே பின்னர் விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அது பெருந்தன்மை, பாராட்டுகிறேன். 2024 அக்டோபர் 8, ஹரியானா. கணிப்புகள் எல்லாம் காங்கிரஸ் என்றன, காலை முதல் மணி நேரத் திரையும் காங்கிரஸ் என்றது. டெல்லியில் கட்சி அலுவலகத்தில் மேளம், இனிப்பு. மதியத்துக்குள் நிலை மாறியது, கடைசியில் பாஜக 48, காங்கிரஸ் 37. உடனே ஆணையத்தின் தளம் மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது, ஓட்டுப் பதிவில் ஓடிய இயந்திரத்தின் பேட்டரி இன்னும் 99 சதவீதம் காட்டுகிறது என்று காங்கிரஸிடமிருந்து புகார்கள். அந்தப் புகார்கள் சரியா தவறா என்பது தனி விவகாரம். காலையில் அந்த எண்களைக் காட்டாமல் இருந்திருந்தால் அந்த ஏமாற்றத்துக்கு அவ்வளவு சூடு இருந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்த வாரமே தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ராஜீவ் குமார் இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேசினார். இயந்திர எண்ணிக்கை தொடங்குவதே எட்டரைக்கு, ஆணையத்தின் தளத்தில் முதல் தகவல் ஒன்பதரைக்கு, நீங்கள் எட்டு ஐந்துக்கும் எட்டுப் பத்துக்கும் எப்படி முன்னிலை காட்டுகிறீர்கள் என்று கேட்டார். முன்பு போட்ட கணிப்பை நியாயப்படுத்தத்தானா இது என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு உங்களில் யாரும் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில், எட்டு மணிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எட்டு மணிக்குத் தொடங்குவது தபால் வாக்கு. வெளியுறையைப் பிரித்தால் உள்ளே ஓர் உறுதிமொழிப் படிவமும், ஒட்டிய இன்னொரு உறையும் இருக்கும். படிவத்தில் வாக்காளர் கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, அதிலுள்ள வரிசை எண்ணும் உள்ளுறையின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளுறையைத் திறக்கவே கூடாது. சரியாக இருப்பவற்றைத் தனியே அடுக்கி, அப்புறம்தான் திறந்து, சீட்டைப் பிரித்து, எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேட்பாளர்களின் முகவர்கள் ஆட்சேபிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சில உறைகளைப் பிரித்திருந்தாலே பெரிய விஷயம். அதிலிருந்து ஒரு மாநிலத்துக்கு முன்னிலை சொல்ல முடியும் என்றால் நான் கணக்குப் பாடம் எடுத்ததே வீண். போதாக்குறைக்கு, தபாலில் ஓட்டுப் போடுகிறவர்கள் அரசு ஊழியர், போலீஸ்காரர், ராணுவத்தினர், வயது மூத்தவர்கள். ஊரின் பொது மனநிலைக்கு அது கண்ணாடி ஆகாது.

அந்த உறைகள் எவ்வளவு பெரிய வழக்கில் போய் முடியும் என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர்களுக்கு அதற்குத் தகுதி இல்லை என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். தள்ளியது தப்பு என்று அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். 2019 அக்டோபரில் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய உறைகளை நீங்கள் எட்டு ஐந்துக்கு "தபால் வாக்குகளில் முன்னிலை" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

எட்டரைக்கு மேல் இயந்திரங்கள் வரும். பொதுவாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. ஒரு சுற்றில் மேசைக்கு ஒரு வாக்குச்சாவடியின் கன்ட்ரோல் யூனிட், அதாவது ஓட்டு பதிவாகியிருக்கும் பெட்டி. முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் முகவர்களுக்குக் காட்ட வேண்டும். இயந்திர எண்ணை, சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதிய 17சி படிவத்தோடு ஒப்பிட வேண்டும். பச்சைக் காகித முத்திரையைக் கிழித்து, முடிவு பொத்தானை அழுத்தினால் முதலில் மொத்த ஓட்டு வரும், அப்புறம் வேட்பாளர் வாரியாக ஒவ்வொன்றாக வரும். ஒரு முகவர் "இன்னொரு தரம் காட்டுங்க சார்" என்பார், காட்டுவோம். மொத்தம் 17சி கணக்கோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த இயந்திரத்தைத் தனியே வைப்போம். படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, தேர்தல் அலுவலர் மேசைக்கு அனுப்புவோம். 14 மேசையின் தாளும் சேர்ந்து, பார்வையாளர் சரிபார்த்து, அலுவலர் கையெழுத்திட்ட பிறகுதான் அது முதல் சுற்று முடிவு. பலகையில் எழுதிய பிறகு அடுத்த சுற்று. ஒரு தொகுதியில் 300 வாக்குச்சாவடி என்றால் 22 சுற்று.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் ஸ்டுடியோவில் அரசியல் விமர்சகர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இயந்திரங்கள் வாக்குச்சாவடி வரிசை எண் படித்தான் வரும். அடுத்தடுத்த எண்கள் என்றால் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்கள், தெருக்கள். முதல் சுற்று என்பது தொகுதியின் ஒரு மூலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான். முதல் சுற்றில் வரும் பதினான்கு சாவடியும் ஒரு வேட்பாளரின் சொந்த ஊர்ப் பக்கமாக இருக்கும், ஒன்பதாம் சுற்றில் எதிராளியின் பேரூராட்சி வரும். மேசையில் உட்கார்ந்திருக்கும் முகவர்களுக்கு இது அத்துப்படி. அதனால்தான் முதல் நாலு சுற்றில் பின்தங்கினாலும் அசையாமல் குறித்துக்கொண்டே இருப்பார்கள்.

அவர்களை அசைப்பது வெளியே வெடிக்கும் பட்டாசுதான். கைப்பேசி உள்ளே கிடையாது, ஆனால் சத்தத்துக்குச் சுவர் கிடையாது. "நம்மாளு தோத்துட்டாராம்" என்ற பேச்சு டீ கொண்டு வருகிறவர் மூலம் உள்ளே வரும். ஒரு முகவர் எழுந்து போவார், அப்புறம் இன்னொருவர். காலியான நாற்காலிக்கு எதிரே நாங்கள் இயந்திரத்தைக் காட்டிக்கொண்டிருப்போம். சரிபார்க்க ஆள் இல்லாத மேசையில் எண்ணுவது எந்த மேற்பார்வையாளருக்கும் பிடிக்காது. அன்றைக்குச் சட்டம் கொடுத்த காவலை, சட்டத்தில் இடமே இல்லாத ஒரு திரை எண் கலைத்துவிடுகிறது. இதைத் தேர்தல் மீதான தாக்கம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மாலை ஆறரை மணிக் கணிப்புகளுக்கு வருகிறேன், இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். 2016-ல் தமிழ்நாட்டில் பெரும்பாலான கணிப்புகள் திமுக ஆட்சி என்றன. ஒரு பெரிய நிறுவனம் 124 முதல் 140 இடம் வரை திமுக அணிக்குக் கொடுத்தது. வந்தது அதிமுக, 134 இடம். வாக்கு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஒரு சதவீதப் போட்டியில் எந்தக் கணிப்பாளரும் தவறலாம், அதில் குற்றம் இல்லை. "இழுபறி, எங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராததுதான் குற்றம். 2024 ஜூன் 1 மாலை, பல கணிப்புகள் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, சில 400-ஐயும் தாண்டின. தமிழ்நாட்டிலும் அந்தக் கூட்டணிக்குச் சில இடங்கள் உண்டு என்றார்கள். வந்தது 293, தமிழ்நாட்டில் பூஜ்யம். நடுவில் ஜூன் 3 அன்று சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறி, 4 அன்று 4,390 புள்ளி விழுந்தது. என் பழைய மாணவர்களில் ஒருவன் அந்தத் திங்கட்கிழமை பங்கு வாங்கினான். கணிப்பாளர் நேரலையில் கண் கலங்கினார், இவன் கலங்கியதை யாரும் நேரலையில் காட்டவில்லை.

"நாங்கள் போடாவிட்டால் பக்கத்துச் சேனல் போடும்" என்பது உங்கள் உண்மையான பதில் என்று எனக்குத் தெரியும். தனியாக ஒருவர் நிறுத்த முடியாதுதான், சேர்ந்து நிறுத்தலாம். பிரிட்டனில் பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் ஆயிரம் விஷயத்தில் போட்டி போடும், ஆனால் வாக்குக்குப் பிந்தைய கணிப்பு மட்டும் மூவருக்கும் ஒன்றே. வாக்குச்சாவடி மூடும் இரவு பத்து மணிக்கு மூவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் முடிந்தவரை அதே சாவடிகளுக்குப் போய், போன முறையிலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்க்கிறார்கள். 2024-ல் தொழிற்கட்சிக்கு 410 என்றார்கள், வந்தது 411. அதே கணிப்பு ரிஃபார்ம் கட்சிக்கு 13 என்றது, வந்தது 5. சிறிய கட்சி இடங்களில் உறுதி குறைவு என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். முந்துவதற்கு ஒன்றும் இல்லை என்றால் கவனம் சரியாகச் சொல்வதில் போகிறது. நம் ஊரில் ஐந்து முனைப் போட்டியும் கூட்டணி மாற்றமும் இதைக் கடினமாக்கும், ஒப்புக்கொள்கிறேன். கடினமான கணக்குக்கு விடை எழுதும்போது வழிமுறையையும் காட்ட வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை போட்டால் வாட்ஸ்அப்பில் இதைவிட மோசமாக வரும். கிழக்கு மாகாண முடிவுகளை மேற்கில் வாக்குப்பதிவு முடிவதற்குள் சொல்லக் கூடாது என்று கனடாவில் சட்டம் இருந்தது. 2007-ல் அவர்கள் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றது. ஆனாலும் இணையத்தைக் கட்ட முடியாமல் அதை நீக்கினார்கள், 2015 தேர்தலில் அது இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கணிப்பைப் போடும்போது எத்தனை தொகுதி, எத்தனை பேர், எந்தத் தேதிகள், யார் பணம் கொடுத்தது என்று திரையிலேயே போடுங்கள். உங்கள் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு 2014-லேயே எழுதிவைத்த விதிதான் இது, புதிதாக எதுவும் கேட்கவில்லை. முதலில் வாக்கு சதவீதம், பிறகு இடம். அதே நிறுவனம் போன தேர்தலில் என்ன சொன்னது, என்ன வந்தது என்பதையும் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். எண்ணிக்கை நாளில் ஒரு தொகுதிக்கு முன்னிலை காட்டினால், அருகில் "சுற்று 3 / 22" என்று சேர்த்துக் காட்டுங்கள். சுற்று எண் தெரியாத முன்னிலை வேண்டாம். ஆணையத்தின் தளத்தில் வரும் வரை மாநில மொத்தத்தைக் காட்டாதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் காட்ட எத்தனையோ இருக்கின்றன, தபால் உறை எப்படிப் பிரிப்பார்கள் என்று ஒரு செய்முறை காட்டினாலே ஊர் உட்கார்ந்து பார்க்கும். கட்சிச் சேனல்களுக்கு இதைச் சொல்லவில்லை. ஒரே நிமிடத்தில் ரிமோட்டை மாற்றினால் முதலமைச்சரும் மாறுகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பொதுச் சேனல் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

உங்களில் நான்கைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. உங்கள் இளம் செய்தியாளர்களுக்கு எண்ணிக்கை மேசை எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தர ஆள் வேண்டுமானால், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். 17சி படிவத்தின் மாதிரியோடு வருகிறோம். பேருந்துக் கட்டணமும் ஒரு டீயும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
வாக்கு எண்ணிக்கைப் பணியில் இருந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர்